நிரைகளுக்கு நடுவே ஒரு வாசல்: இணையுலக மர்மநாவலும் கெடாத் தோட்டங்களும்

மலேசியாவின் கெடாவில் ஒரு மூதாட்டி, "நான் பொறந்தது டப்ளின்ல, வாக்கப்பட்டு வந்தது ஹார்வர்டுக்கு" என்று சொன்னால் அதில் பொய் இல்லை. டப்ளின் என்பது கூலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம். ஹார்வர்ட் பீடோங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாடாங் செராய்ப் பக்கம் விக்டோரியாவும் ஹென்ரியட்டாவும் உண்டு. தெற்கே செர்டாங் அருகில் ஒரு தோட்டத்துக்கு, முதல் உலகப் போரின் பெரும் சாவுக்களமான பிரெஞ்சு ஆற்றின் பெயர்: சோம். துரைமார்கள் தங்கள் ஊரையும் கல்லூரியையும் போரையும் நினைத்து வைத்த பெயர்கள் இவை. அந்த ஊர்களை ஒருநாளும் பார்க்காத தமிழர்கள் அந்தப் பெயர்களுக்குள் பிறந்து, பெரட்டு என்னும் விடிகாலை ஆள்கணக்குக்கு நின்று, பால் வெட்டி, பிள்ளை பெற்று, செத்தும் போனார்கள். அதே தோட்டங்களுக்கு அவர்கள் தங்கள் வாய்க்கு ஏற்ப வேறு பெயர் வைத்துக்கொண்டதும் உண்டு. ஒரே நிலத்தில் இரண்டு ஊர்.

இணையுலகங்களுக்கு இடையே பயணம் போகும் மர்மநாவல் என்று ஒரு வகை உலக இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டது. அதைத் தமிழில், அதிலும் கெடாவின் தோட்டங்களையும் சிற்றூர்களையும் களமாகக் கொண்டு எழுத முடியுமா என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. கெடாவைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலேசியத் தமிழ்ப் புனைகதையின் வலுவான ஒரு கிளை இந்த மாநிலத்திலிருந்துதான் வருகிறது. ரெ. கார்த்திகேசு 1940இல் பீடோங்கில் பிறந்தவர். 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற சீ. முத்துசாமி, சயாம் மரண ரயிலைப் பற்றிக் 'கையறு' நாவலை எழுதிய கோ. புண்ணியவான், சுங்கை பட்டாணியின் கே. பாலமுருகன், லுனாஸில் பிறந்த ம. நவீன் என்று பட்டியல் நீளும். இத்தனை பேர் எழுதிய மண்ணில் இந்த வகை ஏன் இன்னும் பெரிதாக முளைக்கவில்லை என்று கேட்பது நியாயம்தான்.

முதலில் இந்த வகை எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். எச். ஜி. வெல்ஸ் 1906இல் எழுதிய சிறுகதை ஒன்றில், வெள்ளைச் சுவரில் ஒரு பச்சைக் கதவு. சிறுவனாக ஒருமுறை அதற்குள் போய் வந்தவன் வாழ்நாள் முழுதும் அந்தக் கதவைத் தேடுகிறான். இணையுலகக் கதையின் ஏக்கம் முழுவதும் அந்தக் கதவில் இருக்கிறது. ஆனால் மர்மம் அங்கே இல்லை. அதைக் கொண்டுவந்தவர் அர்ஜென்டினாவின் போர்ஹேஸ். 1941இல் வந்த 'கிளைவிடும் பாதைகளின் தோட்டம்' என்ற அவருடைய கதை வெளிப்பார்வைக்கு ஓர் உளவாளிக் கதை. துரத்தல் இருக்கிறது, கொலை இருக்கிறது. உள்ளே, ஒவ்வொரு முடிவிலும் காலம் இரண்டாகப் பிரிந்து இரண்டும் நடக்கின்றன என்ற எண்ணம் ஓடுகிறது. ஒரு கிளையில் நண்பன், இன்னொரு கிளையில் கொலையாளி. பிலிப் கே. டிக் 1962இல் ஜப்பானும் ஜெர்மனியும் போரில் வென்ற அமெரிக்காவை எழுதினார். முரகாமியின் '1கியூ84' நாவலில் ஒருத்தி நெரிசலில் நின்ற டாக்சியை விட்டு இறங்கி, மேம்பாலத்தின் அவசரப் படிக்கட்டு வழியாகக் கீழே போகிறாள். அதன்பின் அவள் வாழும் உலகின் வானத்தில் இரண்டு நிலா. சைனா மியேவில் 2009இல் எழுதிய நாவலில் இரண்டு நகரங்கள் ஒரே மண்ணில் பின்னிக் கிடக்கின்றன. ஒரு நகரத்தார் மற்ற நகரத்தாரைப் பார்த்தும் பார்க்காதவர்களாக வாழச் சட்டமே இருக்கிறது. அங்கே ஒரு கொலை, ஒரு துப்பறிவாளர். 2016இல் வந்த பிளேக் க்ரௌச்சின் நாவலில் சிகாகோ பேராசிரியர் ஒருவரைக் கடத்திக்கொண்டு போகிறவன் வேறு யாருமில்லை, வேறொரு வாழ்க்கை வாழ்ந்த அவரேதான்.

இவற்றை வரிசையாகப் படித்த பிறகு எனக்குத் தெளிவான ஒன்றுண்டு. இந்த வகை நாவலின் உயிர், கதவு எப்படித் திறந்தது என்ற விளக்கத்தில் இல்லை. அந்தப் பக்கம் போகிறவன் யாருடைய இடத்தைப் பிடிக்கிறான் என்பதில்தான் இருக்கிறது. அங்கேயும் அவன் இருக்கிறான். அவனுக்கும் மனைவி, பிள்ளை, கடன், பகை எல்லாம் உண்டு. ஒரு தட்டில் இரண்டு பேர் சாப்பிட முடியாது. யார் எழுந்துபோவது என்ற கேள்விதான் வாசகனைப் பக்கம் புரட்ட வைக்கிறது.

இது நமக்கு அந்நியமான கற்பனையா? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மணிமேகலைக் காப்பியத்தை வெறும் பௌத்த நூல் என்று மூடிவைத்தவர்கள் இழந்தது பெரிது. புகாரில் கண்ணயர்ந்த பெண், யாருமற்ற ஒரு தீவின் மணலில் விழிக்கிறாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தோழியைக் கூப்பிட்டுக்கொண்டு அலைகிறாள். மர்மநாவலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அதே காப்பியத்தின் ஆபுத்திரன் கதை இன்னும் ஆழமானது. அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் வைத்திருந்தவன் மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டு, உண்ணாமல் கிடந்து உயிர் விடுகிறான். பிறகு சாவக நாட்டில் பிறந்து புண்ணியராசன் என்ற அரசனாகிறான். சாவகம் என்பது நம்முடைய இந்த மலாய்த் தீவுக் கடல்தான். மணிமேகலை வான்வழியே அங்கே போய் அவனைச் சந்தித்து, அவன் மறந்த வாழ்க்கையைச் சொல்கிறாள். அவன் கப்பலேறி மணிபல்லவம் வருகிறான். கடற்கரை மணலைத் தோண்டுகிறார்கள். அரசன் தன்னுடைய எலும்புக்கூட்டைத் தானே பார்க்கிறான்.

அந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மலாயாவுக்குக் கப்பலேறியவர்களின் நினைவு வருகிறது. அக்கரையில் பட்டினியில் செத்துப்போன ஒருவன், இக்கரையில் வேறு பெயரோடு வாழ்கிறான். தன் பழைய உடலைத் தேடிப் போய்ப் பார்த்து நடுங்குகிறான். தமிழில் எழுதப்பட்ட முதல் ஈருலகக் கதை என்று இதைச் சொன்னால் மிகையாகாது. அதன் இரண்டாம் உலகம் தென்கிழக்காசியாவில் அமைந்தது நமக்குக் கிடைத்த பேறு.

கம்பனின் கிட்கிந்தா காண்டத்தில் சீதையைத் தேடிப் போன வானரர்கள் இருண்ட குகை ஒன்றுக்குள் நுழைந்து, ஆளில்லாத பொன்னகரத்தைக் காண்கிறார்கள். நுழைந்த வழியில் திரும்ப முடியவில்லை. வடமொழி யோகவாசிட்டத்தை வீரை ஆளவந்தார் 'ஞானவாசிட்டம்' என்று தமிழில் பாடினார். அதில் வரும் லீலை என்ற அரசியின் கதை, இன்றைய விஞ்ஞானக் கதைக்காரர்களும் எட்டத் தயங்கும் இடத்தைத் தொடுகிறது. இறந்த கணவனை அவள் வேறோர் உலகில் அரசனாகக் காண்கிறாள். அவர்கள் ஆண்ட பேரரசு முழுவதும் ஓர் எளிய அந்தணன் வீட்டின் உள்வெளிக்குள் அடங்கிக் கிடக்கிறது என்றும் அறிகிறாள்.

ஆனால் நம் மரபுக்கும் இந்த நவீன வகைக்கும் நடுவில் ஒரு வேற்றுமை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு, எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்று சொல்ல நான் தயாரில்லை. மறுபிறப்பு ஒன்றன்பின் ஒன்றாக வருவது. இணையுலகம் ஒரே நேரத்தில் நடப்பது. மறுபிறப்பை நடத்துவது வினை. முன்னே செய்தது பின்னே வந்து சேரும், தப்ப முடியாது. இணையுலகத்தைப் பிளப்பது தற்செயலான ஒரு நொடி. ஒரு கையெழுத்து, தவறவிட்ட ஒரு பஸ், தோட்டத்துக் கணக்கரான ஒரு கிராணி பேரேட்டில் பெயரை எழுதியதும் எழுதாமல் விட்டதும். "எல்லாம் தலையெழுத்து" என்று ஏற்றுக்கொண்ட மனதுக்கு இந்த நாவலில் திகில் இருக்காது. வேறு மாதிரி நடந்திருக்கலாமே என்று குமுறுகிற மனதுக்கே அந்தத் திகில் புரியும். தோட்டத்துத் தமிழனிடம் இரண்டு மனமும் இருந்தன. முதலாவதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று.

நவீனத் தமிழில் இதற்கு மிக அருகில் வந்தவர் புதுமைப்பித்தன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டவளின் சீரழிவை 'துன்பக் கேணி'யில் எழுதினார். கடலுக்கு அடியில் மூழ்கிய நகரத்துக்குள் ஒருவன் போய்வருவதைக் 'கபாடபுரம்' கதையில் எழுதினார். தோட்டமும் மறைந்த உலகமும் அந்த ஒரே பேனாவில் இருந்தன, ஆனால் இரண்டும் ஒரு கதைக்குள் சந்திக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் இணைக்கவில்லை. சுஜாதா 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' வழியாக எதிர்காலத்தைத் தந்தார். 'கொலையுதிர் கால'த்தில் பேயா விஞ்ஞானமா என்ற இழுபறியை இறுதிவரை தாங்கிப் பிடித்தார். இந்திரா சௌந்தர்ராஜன் 'விடாது கருப்பு' போன்ற தொடர்களால் குலதெய்வத்தையும் துப்பறிதலையும் ஒரே திரையில் நிறுத்தினார். யுவன் சந்திரசேகர் 'மாற்று மெய்ம்மை' என்ற சொல்லையே தன் எழுத்தின் அடையாளமாக்கினார். 'குள்ளச்சித்தன் சரித்திரம்' அந்த வழியில் வந்த நாவல். சினிமா 'இன்று நேற்று நாளை', '24', 'மாநாடு' என்று காலத்தை வளைத்துப் பார்த்துவிட்டது. ஆக வாசகரும் பார்வையாளரும் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

மலேசியாவுக்கு வருவோம். இங்கே தமிழ் நாவலின் முதன்மையான கடமை சாட்சி சொல்வதாகவே இருந்தது. அதில் குறை காண ஒன்றுமில்லை. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் நடந்ததை வேறு யாரும் எழுதப்போவதில்லை என்ற நிலையில், கண்டதைக் கண்டபடி எழுதுவதே அறம் என்று ஒரு தலைமுறை நினைத்தது. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' அந்த அறத்தின் சிறந்த விளைச்சல்களில் ஒன்று. 1981இல் லுனாஸில் விஷச் சம்சுச் சாராயம் குடித்துப் பலர் மாண்டதை ம. நவீன் 'பேய்ச்சி' நாவலில் எழுதியபோது, நிகழ்வோடு நின்றுவிடாமல் நாட்டார் தெய்வத்தையும் உள்ளே கொண்டுவந்தார். அந்த நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தது. கே. பாலமுருகன் சிறுவர்களுக்காக 'மர்மக் குகையும் ஓர் இரகசிய நூலும்' எழுதினார். தலைப்பிலேயே ஒரு வாசலும் ஒரு சாவியும் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் சொந்த ஊர்க்காட்டில் ஒரு மர்மம் உண்டு என்று காட்டும் எழுத்தை நான் சிறியதாக நினைக்கவில்லை. பிள்ளைகளுக்குத் திறந்த குகையைப் பெரியவர்களுக்கு ஏன் மூடிவைத்திருக்கிறோம் என்பதே என் ஆதங்கம்.

இதே நாட்டைச் சேர்ந்த சீன வம்சாவளியினரான யாங்சி சூ, 2013இல் ஆங்கிலத்தில் எழுதிய 'பேய் மணப்பெண்' நாவலில் 1893ஆம் ஆண்டு மலாக்காவைக் களமாக வைத்தார். இறந்தவனுக்கு மணமகளாகக் கேட்கப்பட்ட பெண், இறந்தவர்களின் நகரத்துக்குப் போய் ஒரு கொலையின் உண்மையைத் தேடுகிறாள். தம் முன்னோரின் நம்பிக்கையை அவர் அருங்காட்சியகப் பொருளாக வைக்கவில்லை, கதையின் இயந்திரமாக்கினார். நம்மால் ஏன் முடியாது என்று அதைப் படித்த அன்றைக்கு நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

கெடாவின் வரலாறு இந்த வகை நாவலுக்கு என்ன தருகிறது? இங்கே காலம் கிளைவிட்ட இடங்களுக்குத் தேதி இருக்கிறது.

1943 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதை அந்த மாதத்தில்தான் முடிந்தது. தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஏற்றிக்கொண்டுபோன தமிழர்கள் அதன் சிலிப்பர் கட்டைகளுக்குப் பக்கத்தில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் விழுந்தார்கள். அதே மாதம் 18ஆம் தேதி ஜப்பானியர் கெடாவையும் பெர்லிசையும் கிளந்தானையும் திரெங்கானுவையும் சயாமிடம் ஒப்படைத்தார்கள். 1909 ஒப்பந்தத்தின்படி சயாமிடமிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு வந்த கெடா, போர் முடியும்வரை மறுபடியும் சயாமின் சைபுரி ஆனது. லயத்தில் படுத்துத் தூங்கியவர்கள் ஓர் அடிகூட நகராமல் வேறொரு நாட்டில் விழித்தார்கள். தகப்பன் சயாமுக்கு ரயிலேறிப் போயிருக்கிறான், சயாம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அந்த இரண்டு ஆண்டுகள் முடியாமலே போன ஒரு கெடாவை நினைத்துப் பாருங்கள். அங்கே வளர்ந்த தமிழன் எந்த மொழி பேசுவான், எந்தப் பெயரில் இருப்பான்? பிலிப் கே. டிக் கற்பனை செய்தது நம் பாட்டன்களுக்கு இரண்டு ஆண்டு நடந்தே இருக்கிறது.

அடுத்தது 1957. அந்த ஆண்டு ஜூலையில் ஹியூ எவரெட் என்ற இளம் அமெரிக்க இயற்பியலாளரின் ஆய்வு வெளியானது. அணுவுக்குள் நடக்கும் ஒவ்வொரு தேர்விலும் எந்த வாய்ப்பும் அழிவதில்லை, எல்லாமே நடந்தேறுகின்றன என்பது அதன் சாரம். அடுத்த மாதம் 31ஆம் தேதி மலாயா விடுதலை பெற்றது. அந்த நாளிலோ அதற்குப் பிறகோ இங்கே பிறந்த குழந்தை குடிமகன். முன்னே பிறந்தவர்களில் பலர் மனுப் போட வேண்டியிருந்தது. படிக்கத் தெரியாதவர், பாரம் நிரப்ப ஆள் இல்லாதவர், எதற்கு இதெல்லாம் என்று விட்டுவிட்டவர் எத்தனையோ பேர். ஒரே குடும்பத்தில் தம்பிக்குக் குடிமகனின் நீல அட்டை, அண்ணனுக்குக் குடியுரிமை இல்லாதவரின் சிவப்பு அட்டை என்றானது. 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி இறுகியபோது, ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எவரெட்டின் கருத்துக்குப் 'பல உலகங்கள்' என்ற பெயரோடு பரவலான கவனத்தை பிரைஸ் டிவிட் பெற்றுத் தந்தது 1970இல். பினாங்குத் துறைமுகத்திலிருந்து ரஜூலா கப்பல் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது.

இரண்டு சம்பவங்களுக்கும் தொடர்பில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாவலாசிரியனுக்கு இந்த அண்மை போதும். கப்பலில் ஏறிய அண்ணனும் ஏறாமல் நின்ற அண்ணனும் வேறு வேறு உலகில் வாழ்கிறார்கள் என்றால், பீடோங்கில் ஒரு நாள் விடிகாலையில் கதவைத் தட்டுகிறவர் யார்?

1961ஐயும் சொல்ல வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவரான வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் பங்குப்பணம் திரட்டி, 1961இல் முதன்முதலாக வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். அந்த ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவன் பங்குதாரன் ஆனான். பக்கத்துத் தோட்டத்தில் அதே உளியைப் பிடித்தவன் மூட்டை கட்டினான். இந்த இரண்டும் கற்பனை உலகங்கள் அல்ல, நடந்து போகிற தூரத்தில் இருந்த இரண்டு நிஜங்கள். எல்லாத் தோட்டமும் புக்கிட் சிடிம் போல ஆகியிருந்தால் என்ற கேள்வியை நம் நாவல் எதுவும் இன்னும் முழுமூச்சாகக் கேட்கவில்லை. 1947இல் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பிய தொண்டர் படை பீடோங்கிலும் ஹார்வர்டிலும் டப்ளினிலும் அடக்கப்படாமல் வென்றிருந்தால் என்ற கேள்வியும் அப்படியே கிடக்கிறது.

கடைசியாக ஒரு தேதி. 1981 டிசம்பர் 31. அன்றிரவு தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. பதினொன்றரை மணிக்கு முள்ளைத் தள்ளிப் பன்னிரண்டில் வைத்தார்கள். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவது நோக்கம். அந்த அரை மணி நேரம் தீபகற்பத்தில் யாருக்கும் நடக்கவில்லை. பெரட்டு மணியை மாற்றாத தோட்டத்தில் மறுநாள் முதல் அரை மணி கூடுதல் இருட்டில் ஆட்கள் நிற்க வேண்டும். லுனாஸில் சம்சு உயிர்களைக் குடித்த அதே ஆண்டின் கடைசி இரவு. அந்த முப்பது நிமிடம் எங்கோ நடந்துகொண்டே இருக்கிறது, அதற்குள் ஒருவன் மாட்டிக்கொண்டான் என்று ஒரு மர்மநாவல் தொடங்கினால் நான் அதை இரவோடு இரவாகப் படித்து முடிப்பேன்.

வாசலுக்கு இயந்திரம் தேவையில்லை. பால்மரக் காட்டுக்குள் விடியுமுன் போனவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லா நிரையும் ஒன்றுபோல் இருக்கும். ஒரே அளவு இடைவெளி, ஒரே சாய்வில் வெட்டு, ஒரே உயரத்தில் பால் பிடிக்கும் மங்கு. தலைவிளக்கு வெளிச்சம் நாலு மரத்துக்கு மேல் போகாது. அடையாளம் வைத்த மரம் தப்பிவிட்டால் நீங்கள் யாருடைய நிரையில் நிற்கிறீர்கள் என்று சொல்ல முடியாது. தொலைவில் ஒருவர் வெட்டுகிற சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. அந்தச் சத்தம் உங்களுடையதே என்று எண்ணிப்பாருங்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு அந்தக் காடு போய்விட்டது. ஆனால் செம்பனை நிழலும் பகலிலேயே இருள்கிறது.

அக்கம்பக்கத்துக் கம்பங்கள் எனும் மலாய்க் கிராமங்களில் மலாய்க்காரர்கள் ஓராங் பூனியானைப் பற்றிச் சொல்வார்கள். மலைக்காட்டில் நம்மைப் போலவே ஊர் அமைத்து, கல்யாணம் செய்து, பயிரிட்டு வாழும் கண்ணுக்குத் தெரியாத மக்கள். அவர்களிடம் போனவன் ஒரு வேளைச் சோறு உண்டதாக நினைத்துத் திரும்பினால் இங்கே நாள்கணக்கில் தேடியிருப்பார்கள். தோட்டத்துத் தமிழர்களும் ஆள் காணாமல் போனால் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்ட கையோடு மலாய் மந்திரவாதியான போமோவையும் பார்த்தவர்கள்தான். இரண்டு நம்பிக்கைகள் ஒரே காட்டில் புழங்கிய அனுபவம் தமிழ்நாட்டு எழுத்தாளனுக்குக் கிடையாது. அது நம் கையில் இருக்கும் சரக்கு.

அதற்கும் மேலே, 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை நிற்கிறது. அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. கப்பல்காரர்கள் மலையைக் குறியாக வைத்து வந்திறங்கிய கடாரம். 1025இல் ராஜேந்திர சோழனின் படை வந்த இடம். சாண்டில்யன் 'கடல் புறா'வை ஓடவிட்ட கடல். 1930களில் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் தோண்டிப் பார்த்த சண்டி எனும் பழங்கோயில்களில் சில, ரப்பர்த் தோட்டங்களுக்குள்ளேயே இருந்தன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கோயிலின் அடித்தளத்துக்குப் பக்கத்தில் அது இன்னதென்று தெரியாமலே தமிழர்கள் பால் வாளியை இறக்கிவைத்து இளைப்பாறியிருக்கிறார்கள். சுங்கை பத்து தோட்டத்து 11ஆம் எண் சண்டி, 2013இல் நிலத்தைச் சமன் செய்தபோது இடித்துத் தள்ளப்பட்டது. ஒரு வாசல் மூடிவிட்டது என்று அன்று செய்தித்தாளைப் பார்த்து எண்ணிக்கொண்டேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

இவ்வளவு பொருள் இருந்தும் நாவல் கெட்டுப்போக வழிகள் உண்டு. சோழப் பெருமையை மீட்க ஒருவன் காலத்தைத் தாண்டிப் போவதாக எழுதினால் அது மேடைப்பேச்சாகிவிடும். பழைய தோட்டம் சொர்க்கம், இன்றைய தாமான் குடியிருப்பு வீடு நரகம் என்று பிரித்தாலும் பொய்தான். லயத்தில் மழை ஒழுகியது, கங்காணி அடித்தான், குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டாயில் பிள்ளைகள் அழுதன. அந்தப் பக்கத்து உலகமும் இப்படியே கலவையாக இருந்தால்தான் போனவனுக்குத் தங்குவதா திரும்புவதா என்ற தவிப்பு வரும். அங்கே அப்பா சயாமிலிருந்து திரும்பி வந்திருக்கிறார், ஆனால் அம்மா இல்லை. அங்கே நீல அட்டை இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இல்லை. மர்மநாவலின் முடிச்சு இப்படிப்பட்ட விலையில் விழ வேண்டும். துப்பு என்பது கத்தியும் கைரேகையும் மட்டுமில்லை. பேரேட்டில் கிராணி அடித்த ஒரு கோடு, ஒரே ஆளுக்கு இரண்டு நிறத்தில் அட்டை, கோயில் கல்வெட்டில் உபயம் தந்தவராக இன்னும் பிறக்காத ஒருவரின் பெயர் என்று நம் தோட்டமே தடயங்களை எடுத்துக் கொடுக்கும்.

இது எதார்த்தத்தை விட்டு ஓடுவது என்று சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிற நாவல், நடந்தது ஒன்றுதான் நடக்க முடிந்தது என்ற எண்ணத்தையும் சேர்த்தே வாசகனிடம் கொடுத்துவிடுகிறது. வேறு விதமாக முடிவெடுத்திருக்கக் கூடியவர்கள் இருந்தார்கள். கம்பெனி அலுவலகங்களிலும் அமைச்சுகளிலும் நம் சொந்தத் தலைவர்களிடத்திலும் இருந்தார்கள். அந்த இன்னொரு முடிவை ஓர் உலகமாகவே கட்டி எழுப்பிக் காட்டினால்தான் நாம் இழந்தது எவ்வளவு என்று தெரியவரும். என் பார்வையில் மலேசியத் தமிழ் நாவலின் அடுத்த பெரிய வேலை இதுதான்.

எழுத வருகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் தாமான் வீடுகளில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம், என்ன நடந்தது என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கப்பலில் ஏறாமல் நின்றீர்கள், எந்தப் பாரத்தை நிரப்பாமல் விட்டீர்கள், துண்டாடலுக்கு முன் உங்கள் நிரை எந்தப் பக்கம் இருந்தது என்றும் கேளுங்கள். கடிகாரம் மாறிய அந்த இரவுக்கு முன் பெரட்டுக்கு நின்ற கடைசி ஆட்களுக்கு இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது.